வலையில் தொடங்கி சட்டமன்றம் வரை: கடற்கரைப் பிள்ளைகளுக்கு அரசாங்கத்தைச் சொல்லித்தர ஒரு முழுமையான வழிகாட்டி

சட்டமன்றம் சட்டம் இயற்றும், நிர்வாகத் துறை அதைச் செயல்படுத்தும், நீதித்துறை அதற்கு விளக்கம் சொல்லும். இந்த மூன்று வரியை எங்கள் பிள்ளைகள் ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஒரு ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம், ஒன்பதாம் வகுப்பில் நான் கேட்டேன்: "படகெல்லாம் கரையில நிக்குதே, கடலுக்குப் போகக் கூடாதுன்னு சொன்னது யாரு?" ஒருவன் "கவர்மெண்டு" என்றான். இன்னொருவன் "கலெக்டர்" என்றான். "ஃபிஷரீஸ்காரங்க" என்று ஒரு குரல். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "எங்கப்பாவோட சங்கம் டீச்சர்" என்றாள்.

நாலு பதிலிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. எது எங்கே பொருந்தும் என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. அன்றிலிருந்து இந்தப் பாடத்தை நான் புத்தகத்தில் தொடங்குவதில்லை, கடற்கரையில்தான் தொடங்குகிறேன். எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று எந்தக் கரையில் இருந்தாலும் இந்த முறை ஒத்துவரும். எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை நடத்தலாம். வாரம் ஒரு பாடவேளை, ஏழெட்டு வாரம், இரண்டு முறை வெளியே போய்வருவது, இவ்வளவுதான் தேவை.

முதல் வாரம்: "யார் முடிவு செய்தது?" நோட்டு

ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பழைய நோட்டில் மூன்று கட்டம் போடட்டும்: என்ன நடந்தது, யார் முடிவு செய்தது, யாரிடம் கேட்கலாம். ஏழு நாள் தன் வீட்டிலும் தெருவிலும் நடப்பதை எழுத வேண்டும். இரண்டாவது, மூன்றாவது கட்டங்களில் தெரிந்ததை எழுதினால் போதும், தெரியாவிட்டால் காலியாக விடட்டும். நீங்கள் எதையும் திருத்தாதீர்கள். இந்த நோட்டு கடைசி வாரம் மறுபடி வேண்டும்.

என் வகுப்பில் ஒரு பையன் எழுதிய வரி இது: "புயல் கூண்டு ஏத்தினதால டோக்கன் தரல. அப்பா வீட்ல இருந்தார்." இந்த ஒரு வரியை வைத்து ஒரு பாடவேளை முழுக்க ஓட்டலாம். எச்சரிக்கை சொல்வது வானிலை ஆய்வு மையம், அது மத்திய அரசின் கீழ் வருவது. கடலுக்குப் போக டோக்கன் தருவதும் நிறுத்துவதும் மாநில மீன்வளத் துறை. தண்ணீரும் அப்படித்தான். காவிரிக் கூட்டுக் குடிநீரை ஊர் வரை கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியம், தெருக் குழாயைப் பார்த்துக்கொள்வது ஊராட்சி. குழாயில் தண்ணீர் வராவிட்டால் யாரிடம் போவது என்பது வீட்டுப் பெரியவர்களுக்கே குழப்பமான விஷயம், அதனால் பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்பார்கள்.

சொல்லிலும் ஒரு சிக்கல் வரும். "ஒன்றிய அரசு" என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு மண்டபம் ஊராட்சி ஒன்றிய அலுவலகம்தான் நினைவுக்கு வரும். அதனால் தொடக்கத்திலேயே டெல்லி, சென்னை, மாவட்டம், ஊர் என்று நாலு இடத்தைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். பிறகு எந்தச் சொல் வந்தாலும் அது எந்த இடம் என்று விரலை வைக்கச் சொல்லலாம்.

இரண்டாம் வாரம்: மணலில் கோடு

வகுப்பைக் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். ஒரு கம்பால் கரையை ஒரு கோடாக இழுக்கச் சொல்லுங்கள். அதற்கு வெளியே 12 கடல் மைல் தொலைவு என்று இன்னொரு கோடு. கணக்கில் அது சுமார் 22 கிலோமீட்டர். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதே அட்டவணையில், ஆட்சிக்கடலுக்கு (கரையிலிருந்து இந்த 12 கடல் மைல் வரை உள்ள கடல்) அப்பால் மீன்பிடிப்பது மத்தியப் பட்டியலில் இருக்கிறது. அதாவது வெளிக்கோட்டுக்கு உள்ளே சட்டம் போடுவது சென்னை, வெளியே டெல்லி. தண்ணீர் ஒன்றுதான், மீனும் ஒன்றுதான், அதிகாரம் மட்டும் கோட்டில் மாறுகிறது.

இந்த இடத்தில் ஒரு பிள்ளையாவது நிச்சயம் மறித்துச் சொல்லும்: "எங்க பக்கம் அவ்வளவு தூரமே கிடையாது டீச்சர். அதுக்குள்ள எல்லை வந்திரும்." உண்மைதான். பாக் நீரிணைப் பக்கம் இலங்கையோடு உள்ள கடல் எல்லை 1974 ஒப்பந்தத்தில் வரையப்பட்டது, மன்னார் வளைகுடாப் பக்கம் 1976இல். தனுஷ்கோடியில் நின்று பார்க்கிற பிள்ளைக்கு இது ஏட்டுச் செய்தி கிடையாது. அந்த மூன்றாவது கோட்டையும் மணலில் அவர்களே போடட்டும்.

பிறகு தீவுகள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கே வனத்துறை வரும். பாசி எடுக்கப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால், அந்தத் தீவுகளைப் பற்றி அவர்கள்தான் உங்களுக்குச் சொல்லித்தருவார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். கடல் அட்டை பிடிப்பது ஏன் குற்றமானது என்றும் கேட்பார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001இல் அதைச் சேர்த்தார்கள். சட்டத்தை இயற்றியது நாடாளுமன்றம், பட்டியலில் பெயரைச் சேர்த்தது மத்திய அமைச்சகத்தின் அறிவிக்கை. அடுத்த வாரப் பாடத்துக்கு இதுவே வாசல்.

மூன்றாம் வாரம்: ஒரே வலையில் மூன்று துறை

இந்த வாரத்துக்கு அவசரப்படாமல் நேரம் கொடுங்கள், தேவைப்பட்டால் இரண்டு பாடவேளை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் இதில்தான் இருக்கிறது.

முதலில் மீன்பிடித் தடைக்காலம். தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. அந்த அதிகாரத்தை வைத்து 2001 முதல் நிர்வாகம் ஆண்டுதோறும் தடைக்காலம் அறிவிக்கிறது. முதலில் 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாள், ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை. நாள் கூடியதற்குச் சட்டமன்றம் புதிதாக ஒரு சட்டம் போடவில்லை. சட்டம் பெரிய வலை என்றால் அரசாணை அதன் கண்ணி. கண்ணியின் அளவை நிர்வாகம் மாற்றலாம், வலையையே மாற்ற வேண்டுமானால் சட்டமன்றத்துக்குத்தான் போக வேண்டும். இப்படிச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் மறப்பதே இல்லை.

நிவாரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயரும் என்று 2023இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். அறிவித்ததும் பணம் வந்துவிடுமா? சட்டமன்றம் வரவு செலவுத் திட்டத்தில் மானியக் கோரிக்கையை (துறை தன் செலவுக்குப் பணம் கேட்பதை) ஏற்றால்தான் அரசு ஒரு ரூபாயைச் செலவழிக்க முடியும். "அப்போ பூட்டு சட்டமன்றத்துக்கிட்ட, சாவி அமைச்சர்கிட்டயா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. திறப்பதற்கு இரண்டு பேரும் வேண்டும் என்றேன்.

அப்புறம் சுருக்குமடி, மீன் கூட்டத்தை வளைத்துச் சுருக்கிப் பிடிக்கும் பெரிய வலை. இதில் மூன்று துறையும் வரிசையாக வந்து நிற்கும். 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு ஆட்சிக்கடலில் சுருக்குமடி வலைக்கு அரசாணை மூலம் தடை போட்டது. அந்த வலையை வைத்திருந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 ஜனவரியில் வந்த இடைக்கால உத்தரவு, 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை என்று நிபந்தனைகளோடு அனுமதித்தது. இதைச் சொல்லும்போது "12 கடல் மைல்" என்றதும் பிள்ளைகள் போன வாரம் மணலில் போட்ட கோட்டை நினைத்து நிமிர்வார்கள். அந்தக் கணத்துக்காகத்தான் போன வாரம் கடற்கரைக்குப் போனோம்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் வகுப்பில் விசைப்படகு வீட்டுப் பிள்ளையும் இருக்கும், நாட்டுப்படகு வீட்டுப் பிள்ளையும் இருக்கும். இரட்டைமடி (இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் வலை) இழுக்கிற வீடு எது என்று ஊருக்கே தெரியும். "யார் வீட்டில் என்ன வலை?" என்று எந்தக் காரணத்துக்காகவும் கேட்காதீர்கள். விவாதம் என்றால் சீட்டுக் குலுக்கிப் போட்டு, எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் பேசச் சொல்லுங்கள். நாட்டுப்படகுக்காரர் மகன் விசைப்படகுக்காகவும், விசைப்படகுக்காரர் மகள் நாட்டுப்படகுக்காகவும் பேசும்போது குரலே மாறும், சண்டை குறையும், எதிர்ப்பக்கத்து நியாயமும் காதில் விழும்.

மூன்று துறை என்றால் மூன்று தனி அறை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். நம் முறையில் அமைச்சர்கள் சட்டமன்றத்துக்கு உள்ளேயிருந்துதான் வருகிறார்கள், சட்டமன்றத்துக்குத்தான் பதில் சொல்கிறார்கள். உறுப்பினராக இல்லாதவர் அமைச்சரானால் ஆறு மாதத்துக்குள் ஜெயித்து வர வேண்டும். ஆட்சியர் தேர்தலில் வந்தவர் இல்லை, அதிகாரி. மேலே சொன்ன "கலெக்டர்" பதிலை இந்த இடத்தில் எடுத்துப் பேசலாம்.

நான்காம் வாரம்: நம்ம ஊர்க்காரர் திருப்பி அனுப்பிய மசோதா

பேக்கரும்பில் இருக்கும் அப்துல் கலாம் நினைவிடத்துக்கு எல்லாப் பிள்ளைகளும் போயிருப்பார்கள். ஏவுகணையும் கனவும் தெரியும். குடியரசுத் தலைவராக அவர் என்ன செய்தார் என்று கேட்டால் மௌனம்தான். 2006 மே மாதம், ஆதாயம் தரும் பதவி (நாடாளுமன்ற உறுப்பினர் அரசிடம் பலன் பெறும் வேறு பதவி) தொடர்பான மசோதாவை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று அவர் நாடாளுமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் அதை அப்படியே மறுபடி நிறைவேற்றி அனுப்பியது. அரசமைப்புச் சட்டத்தின் 111ஆவது பிரிவின்படி இரண்டாவது முறை அவர் மறுக்க முடியாது. ஆகஸ்டில் கையெழுத்திட்டார்.

"அப்போ அவர் தோத்துட்டாரா?" என்று கேட்பார்கள். பதில் சொல்லாமல் அவர்களையே பேச விடுங்கள். ஒரு மாணவி, "தோக்கல டீச்சர், யோசிக்க வச்சாரு" என்றாள். வேறொருவன் ஒத்துக்கொள்ளவில்லை, கையெழுத்து போட்டாச்சு, அவ்வளவுதான் என்றான். இரண்டையும் கரும்பலகையில் எழுதி வைத்துவிட்டு மணி அடித்ததும் வந்துவிட்டேன்.

ஐந்தாம் வாரம்: வகுப்புக்குள் சட்டமன்றம்

பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகும் நான்கு நாள் நாட்டுப்படகும் கடலுக்குப் போகும் முறை நீண்ட நாளாக இருக்கிறது. ஒரே கடலை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளும் இந்த ஏற்பாட்டை விளையாட்டு மைதானத்துக்குக் கொண்டுவாருங்கள். எங்கள் மசோதாவின் பெயர் "மைதானப் பகிர்வு மசோதா". சபாநாயகர் ஒருவர், ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, ஆளுங்கட்சிக்குள்ளிருந்து இரண்டு அமைச்சர்கள். வாக்கு இல்லாத அதிகாரிகளாக மூன்று பேர் தனியாக உட்காரட்டும். நீதிபதிகள் மூன்று பேர் அறைக்கு வெளியே வராந்தாவில் இருக்கட்டும், விவாதம் அவர்கள் காதில் விழக் கூடாது. ஆளுநர் இடத்தில் தலைமை ஆசிரியர்.

எங்கள் சபை மதிய இடைவேளையில் ஐந்து நாளில் நான்கு நாள் பையன்களுக்கு, வெள்ளிக்கிழமை மட்டும் பெண்களுக்கு என்று நிறைவேற்றியது. வாக்கெடுப்பில் பையன்கள் எண்ணிக்கை கூட. அதிகாரிகள் நேர அட்டவணை எழுதி ஒட்டினார்கள். அடுத்த நாள் இரண்டு மாணவிகள் வராந்தா நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, சட்டத்தின் முன் சமம் என்று புத்தகத்தை விரித்துக் காட்டினார்கள். நீதிபதிகளில் இருவர் பையன்கள். அரை மணி நேரம் குசுகுசுவென்று பேசிவிட்டு, சபை நாள் பிரித்த விதம் செல்லாது, மறுபடி எழுதுங்கள் என்றார்கள். சபை திரும்பக் கூடியது. பெரும்பான்மை இருந்தாலும் எல்லாம் செய்துவிட முடியாது என்பதை நான் ஒரு வார்த்தையில்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எண்களையும் இந்த வாரம் சேர்த்துவிடுங்கள். சட்டமன்றத்தில் 234 இடம், நம் மாவட்டத்தில் பரமக்குடி, திருவாடானை, இராமநாதபுரம், முதுகுளத்தூர் என நான்கு. மக்களவைத் தொகுதியில் இந்த நான்கோடு அறந்தாங்கியும் திருச்சுழியும் சேரும். உயர் நீதிமன்றம் என்றால் நமக்கு மதுரைக் கிளை, 2004இல் தொடங்கியது.

ஆறாம் வாரம்: ஊராட்சி, கிராம சபை

ராமேசுவரம் நகராட்சி. பக்கத்திலேயே பாம்பன் ஊராட்சி. பாலம் தாண்டினால் மண்டபம் பேரூராட்சி. ஒரே வகுப்பில் மூன்று வகை உள்ளாட்சியிலிருந்தும் பிள்ளைகள் வரலாம். யார் எதில் இருக்கிறார்கள் என்று வீட்டு வரி ரசீதைப் பார்த்து எழுதிவரச் சொல்லுங்கள். கிராம சபை ஊராட்சிகளில் மட்டும்தான், நகரப் பகுதியில் பகுதி சபை.

மாவட்டத்தின் 429 ஊராட்சிகளிலும் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பள்ளிக்கு வசதியானது அக்டோபர் 2. பெற்றோர் ஒப்புதலோடு பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். வாக்காளர்கள்தான் சபை உறுப்பினர்கள், பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். சபையின் குறைந்தபட்ச வருகை மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. முதல் வேலையாகத் தலையை எண்ணச் சொல்லுங்கள்.

அப்புறம் கவனிக்க வேண்டியவை: வரவு செலவு வாசித்தார்களா, அது எல்லோருக்கும் கேட்டதா, எத்தனை பெண்கள் பேசினார்கள், தீர்மானத்தை எழுதியபின் சத்தமாக வாசித்துவிட்டுக் கையெழுத்து வாங்கினார்களா. கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். பேசியது ஒன்று, புத்தகத்தில் ஏறியது ஒன்று என்று ஆகிவிடாமல் காப்பது அந்த வாசிப்புத்தான்.

மேடையில் தலைவரைக் காணோமே, அதிகாரி இருக்கிறாரே என்று கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள். நம் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். உள்ளாட்சியின் ஆயுள் ஐந்து ஆண்டு என்று அரசமைப்புச் சட்டமே சொல்கிறது. தேர்தலால் வந்த தலைவர் இருப்பதற்கும் அதிகாரி இருப்பதற்கும் ஊருக்கு என்ன வித்தியாசம் என்று வீட்டில் கேட்டு எழுதிவரச் சொல்லலாம்.

ஏழாம் வாரம்: ஒரே ஒரு மனு

பிள்ளைகள் பத்து கோரிக்கை சொல்வார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், சின்னதாக இருக்கட்டும். நாங்கள் எடுத்தது பள்ளியிலிருந்து ஏலக்கூடம் போகும் பாதையின் தெருவிளக்கு. அதிகாலையில் கூடை தூக்கிப் போகும் அம்மாக்கள் அந்த இருட்டில்தான் நடக்கிறார்கள். முதல் மனுவை அழகாக எழுதி, தெருவிளக்குக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டோம். மாதக் கணக்கில் பதில் இல்லை. அதன் பிறகுதான் முதல் வார நோட்டின் மூன்றாவது கட்டம், "யாரிடம் கேட்கலாம்", எவ்வளவு பெரிய கேள்வி என்று எங்களுக்கு விளங்கியது. தெருவிளக்கு ஊராட்சியின் கட்டாயக் கடமை. இரண்டாவது மனு அங்கே போனது.

எழுதும் முறை: அனுப்புநர், பெறுநர், பொருள், தேதி. முதல் வரியிலேயே என்ன வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். "எங்கள் தெருவில் விளக்கு எரிவதில்லை" என்பது போதாது. எந்தக் கம்பம், எத்தனை நாளாக, யாருக்கு என்ன சிரமம் என்று எழுதட்டும். எங்கள் பிள்ளைகள் இரண்டு இரவு போய்க் கம்பங்களை எண்ணி, எரியாதவற்றை ஒரு படத்தில் குறித்து மனுவோடு இணைத்தார்கள். கெஞ்சலும் வேண்டாம், மிரட்டலும் வேண்டாம். இரண்டு படி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வந்துவிடுங்கள். மாவட்ட அளவிலான விஷயமென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் கொடுக்கலாம்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். இதில் "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் பயனில்லை, அந்தச் சட்டம் ஆவணங்களுக்கானது. "இந்தத் தேதியில் கொடுத்த மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல் தருக" என்று கேட்க வேண்டும். கேள்வியை இப்படி மாற்றி எழுதும் பயிற்சியை மட்டும் ஒரு பாடவேளை செய்யலாம். விண்ணப்பத்தை ஆசிரியரோ பெற்றோரோ தங்கள் பெயரில் அனுப்புங்கள், பிள்ளையின் பெயரும் முகவரியும் வேண்டாம்.

கச்சத்தீவு கேள்வி வரும்போது

எந்த வாரம் என்று சொல்ல முடியாது, ஆனால் வரும். தவிர்க்காதீர்கள், கட்சிப் பேச்சாகவும் ஆக்காதீர்கள். தேதிகளை வரிசையாக வையுங்கள். 1974இல் ஒப்பந்தம் செய்தது மத்திய அரசு, அதாவது நிர்வாகம். 2008இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு. 2025 ஏப்ரல் 2ஆம் தேதி, தீவை மீட்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தீர்மானம். "தீர்மானம் போட்டாச்சுல்ல, அப்புறம் என்ன?" என்பார்கள். தீர்மானம் சபையின் குரல், சட்டம் சபையின் கட்டளை. வெளிநாட்டு ஒப்பந்தம் மத்திய அரசின் அதிகாரம், மாநிலச் சட்டமன்றத்தின் குரல் அங்கே கோரிக்கையாகத்தான் போய்ச் சேரும். கிராம சபைத் தீர்மானத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பேச விடுங்கள்.

அப்பாவோ மாமாவோ இலங்கைச் சிறையில் இருக்கும் பிள்ளை வகுப்பில் இருக்கலாம். அன்றைக்குக் காலையே அந்தப் பிள்ளையிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள், இன்றைக்கு இதைப் பேசப் போகிறோம், உனக்கு வேண்டாமென்றால் நூலகத்தில் இருந்துகொள் என்று.

மதிப்பிடுவது

தேர்வுக்கு வேண்டிய வரிகளை அவர்கள் படித்துக்கொள்வார்கள். நான் மதிப்பெண் போடுவது முதல் வார நோட்டுக்குத்தான். அதைத் திரும்பக் கொடுத்து, காலிக் கட்டங்களை நிரப்பச் சொல்லுங்கள், தப்பாக எழுதியதை அடித்து மேலே எழுதட்டும், அழிக்க வேண்டாம். எந்தப் பிள்ளை எங்கே நகர்ந்திருக்கிறது என்று அடித்தல்களில் தெரியும்.

பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன் அக்காக்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு வேலை கொடுத்தனுப்புங்கள். 17 வயது முடிந்தவர்கள் வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 6இல் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதியில் யாருக்கு 18 நிறைகிறது என்று தெருவாரியாக ஒரு பட்டியல் எடுத்தால், அந்த விண்ணப்பங்களை நிரப்ப எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே உதவுகிறார்கள்.